ஓட்டு பிரியுமோ என்ற பயமில்லாமல் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க: விருப்ப வரிசை வாக்கு, ஓர் எளிய விளக்கம்

மாநகராட்சித் தேர்தல் நெருங்கினால் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் தவறாமல் காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு: "அவரு நல்ல மனுஷன்தான், ஆனா அவருக்குப் போட்டா ஓட்டு பிரிஞ்சிடும்." இப்படிப் பேசுகிறவர் மேல் குற்றமில்லை. குற்றம் எண்ணும் முறையில் இருக்கிறது. வார்டுத் தேர்தலில் நமக்கு ஒரே ஒரு பொத்தான். மற்றவர்களைவிட ஓர் ஓட்டு கூடுதலாக வாங்கியவர் கவுன்சிலர். அவர் வாங்கியது பாதியா, மூன்றில் ஒன்றா என்று சட்டம் கேட்பதில்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் நிற்கிற வார்டில் மூன்றில் ஒரு பங்கே தாராளமாகப் போதும். அதனால் மனதுக்குப் பிடித்தவரை ஓரம் வைத்துவிட்டு, ஜெயிக்கக்கூடிய இரண்டு பேரில் யார் பரவாயில்லை என்று கணக்குப் போட வேண்டிய நிலைக்கு வாக்காளர் தள்ளப்படுகிறார்.

விருப்ப வரிசை வாக்கில் ஒரே சீட்டில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று வரிசையாகச் சொல்லலாம். காசிமேட்டுக்கு மீன் வாங்க ஆள் அனுப்பும்போது "வஞ்சிரம் வாங்கு, இல்லன்னா சங்கரா, அதுவும் இல்லன்னா மத்தி" என்று சொல்லி அனுப்புகிறோமே, அதே ஏற்பாடுதான். வஞ்சிரம் இல்லை என்பதற்காக வெறும் பையோடு யாரும் திரும்புவதில்லை. அதுபோல, முதல் விருப்பமானவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டால் உங்கள் ஓட்டு இரண்டாம் விருப்பத்துக்குப் போகும். எந்தச் சுற்றிலும் ஒருவருக்கு ஓர் ஓட்டுதான் கணக்கு. அந்த ஓட்டு யார் பெயரில் நிற்கிறது என்பது மட்டுமே மாறும்.

எண்ணுவது எப்படி

கொடுங்கையூர்ப் பக்கம் கற்பனையாக ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். செல்லுபடியான ஓட்டு 12,000. வேட்பாளர் ஐந்து பேர். பெயர் வேண்டாம், சின்னத்தை வைத்தே பேசலாம். குடம், தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி ஆகிய மூவரும் குப்பைக் கிடங்கில் எரிஉலை வரக்கூடாது என்று பிரச்சாரம் செய்தவர்கள். அலமாரி அதை ஆதரிப்பவர். வைரம் என்ற சுயேச்சை மழைநீர் வடிகாலைப் பற்றி மட்டுமே பேசினார். முதல் விருப்பங்களைப் பிரித்து அடுக்கியதும் கணக்கு இப்படி நிற்கிறது:

அலமாரி 4,100
குடம் 3,300
தையல் மெஷின் 2,600
இஸ்திரிப் பெட்டி 1,400
வைரம் 600

இன்றைய முறையில் கதை இங்கேயே முடிந்துவிடும். 34 சதவீதத்தில் அலமாரி கவுன்சிலர். எரிஉலை வேண்டாம் என்ற பக்கம் விழுந்த 7,300 ஓட்டு மூன்றாகச் சிதறி வீணாகிறது. 2022 தேர்தலில் சென்னையில் ஓட்டுப் போட்டவர்களே சுமார் 43 சதவீதம்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்படிப்பட்ட வாக்குப்பதிவில் 34 சதவீதம் என்றால், வார்டில் உள்ள நூறு வாக்காளரில் பதினைந்து பேரின் ஆதரவில் ஒருவர் ஐந்து ஆண்டு நாற்காலியில் உட்காருகிறார்.

விருப்ப வரிசையில் வெற்றிக்கு முதலில் வேண்டியது 12,000-இல் பாதிக்கு மேல், அதாவது 6,001. யாருக்கும் அது இல்லை. எனவே கடைசியில் இருக்கும் வைரம் விலக்கப்படுகிறார். அவருடைய 600 சீட்டுகளை மட்டும் கையில் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டாம் விருப்பம் யார் என்று பார்க்கிறார்கள். 150 அலமாரிக்கு, 100 குடத்துக்கு, 200 தையல் மெஷினுக்கு, 80 இஸ்திரிப் பெட்டிக்கு. 70 சீட்டில் இரண்டாம் விருப்பமே இல்லை, அவை ஒதுக்கி வைக்கப்படுகின்றன. இப்போது அலமாரி 4,250, குடம் 3,400, தையல் மெஷின் 2,800, இஸ்திரிப் பெட்டி 1,480.

அடுத்து இஸ்திரிப் பெட்டி விலக, அந்த 1,480 சீட்டில் 730 தையல் மெஷினுக்கும் 350 குடத்துக்கும் 250 அலமாரிக்கும் போகின்றன. 150 சீட்டில் மேற்கொண்டு விருப்பம் இல்லை. அலமாரி 4,500, குடம் 3,750, தையல் மெஷின் 3,530. மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்ட தையல் மெஷின் இப்போது விலக்கப்படுகிறார். அவருடைய 3,530 சீட்டில் 2,300 குடத்துக்கு, 830 அலமாரிக்கு, 400 ஒதுக்கம். முடிவு: குடம் 6,050, அலமாரி 5,330. ஒதுக்கப்பட்டவை மொத்தம் 620. கூட்டிப் பாருங்கள், 12,000 சரியாக வரும். எந்தச் சுற்றிலும் கூட்டுத்தொகை இப்படி நேராக வரவேண்டும். வராவிட்டால் அந்தச் சுற்றை மறுபடி எண்ணிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

கடைசிச் சுற்றில் 400 சீட்டு ஏன் ஒதுங்கியது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தையல் மெஷினுக்கு மட்டும் ஓட்டுப் போட்டு நிறுத்தியவர்கள் அதில் உண்டு. வைரம், இஸ்திரிப் பெட்டி, தையல் மெஷின் என்று மூன்று விருப்பமும் போட்டு, மூவரும் விலக்கப்பட்டதால் தீர்ந்துபோன சீட்டும் அதில் உண்டு. இந்தத் தீர்ந்துபோகும் விஷயம்தான் இந்த முறையின் பலவீனமான இடம். கீழே அதற்குத் திரும்ப வருவோம்.

நமக்குப் புதிதல்ல

நம் குடியரசுத் தலைவரை இந்த முறையில்தான் தேர்ந்தெடுக்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 55ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. 1969-இல் இரண்டாம் விருப்பங்களை எண்ணித்தான் முடிவு தெரிந்தது. அந்த ஆண்டு வெற்றிக்குத் தேவையான ஓட்டு மதிப்பு 4,18,169. முதல் விருப்பத்தில் வி.வி.கிரிக்கு 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. யாரும் அந்த மதிப்பைத் தொடவில்லை. கீழே இருந்தவர்களை விலக்கி எண்ணியபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. அடுத்த விருப்பங்களில் ரெட்டிக்குக் கிடைத்தது கிரிக்குக் கிடைத்ததைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆனாலும் முதல் சுற்றின் முன்னிலை கிரியைக் காப்பாற்றியது. "இரண்டாம் விருப்பத்தைக் கொண்டுவந்தால் முதலில் இருப்பவர் எப்போதும் கவிழ்ந்துவிடுவார்" என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏக்கள் போடுவதும் விருப்ப வரிசை ஓட்டுதான். 1986-இல் கலைக்கப்படும்வரை இருந்த நம் சட்ட மேலவையில் பட்டதாரித் தொகுதி, ஆசிரியர் தொகுதி வாக்காளர்களும் சீட்டில் 1, 2, 3 என்றே எழுதினார்கள். இன்றும் பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் கறுப்பு கோட்டு போட்ட யாரையாவது கேளுங்கள். வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன்படி பார் கவுன்சிலின் 25 உறுப்பினர்களும் இந்த முறையில்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். எம்.எல்.ஏவுக்கும் வக்கீலுக்கும் புரிகிற ஒன்று மீனவருக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் புரியாது என்று சொல்வதை ஏற்க முடியாது. இலங்கையில் அதிபர் தேர்தலில் 1982 முதல் சாதாரண வாக்காளர் எல்லாருக்கும் மூன்று விருப்பம் குறிக்கும் உரிமை இருக்கிறது.

யார் மாற்ற முடியும்

இந்தச் சீர்திருத்தத்தில் அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் மிக முக்கியமான விஷயம் இதுதான். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலின் முறையை மாற்ற டெல்லிக்குப் போக வேண்டும். மாநகராட்சித் தேர்தலுக்கு அந்த அவசியம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தபோது சேர்ந்த பிரிவுகளில் இரண்டு இங்கே முக்கியம். 243ஆர் என்ற பிரிவு, மன்றத்தின் இடங்கள் வார்டுகளிலிருந்து நேரடித் தேர்தலால் நிரப்பப்பட வேண்டும் என்கிறது. அந்த நேரடித் தேர்தலில் ஓட்டை எப்படி எண்ணுவது என்று அது கட்டாயப்படுத்தவில்லை. 243இசட்ஏ என்ற பிரிவு, நகராட்சித் தேர்தல் தொடர்பான எல்லாவற்றுக்கும் சட்டம் செய்யும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தருகிறது. தேர்தலை நடத்துவதும் இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல, மாநிலத் தேர்தல் ஆணையம்.

ஆக, தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-ஐயும், அதன் கீழ் 2023-இல் வந்த விதிகளையும் கோட்டையில் திருத்தினால் சென்னையின் 200 வார்டுகளிலும் விருப்ப வரிசை வாக்கு வந்துவிடும். கவுன்சிலரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. கேட்க வேண்டியது ராயபுரம், துறைமுகம், ஆர்.கே.நகர், பெரம்பூர், திரு.வி.க.நகர், கொளத்தூர், திருவொற்றியூர், மாதவரம் தொகுதிகளின் எம்.எல்.ஏக்களிடம்.

சீட்டு எப்படி இருக்க வேண்டும்

முதல் தடை மின்னணு இயந்திரம். இப்போதுள்ள இயந்திரம் ஒரு பொத்தானை அழுத்தினால் ஓர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வரிசையை அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. குடியரசுத் தலைவர், மாநிலங்களவைத் தேர்தல்கள் இன்றும் காகிதச் சீட்டில் நடப்பதற்கு இதுவே காரணம். அதனால் வார்டிலும் காகிதம்தான் வழி. இது பெரிய சிக்கலும் இல்லை. 2019-லும் 2021-லும் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல்களில் ஒவ்வொரு கிராமத்து வாக்காளரும் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு நிறத்தில் நான்கு சீட்டு வாங்கி ஓட்டுப் போட்டார். அச்சடித்து, பெட்டியில் பூட்டி, கையால் எண்ணி முடித்தது இதே மாநிலத் தேர்தல் ஆணையம்தான். பழக்கம் அங்கே இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: எண்ணை எழுதச் சொல்வதா? குடியரசுத் தலைவர் தேர்தலில் எழுதத்தான் சொல்கிறார்கள். ஊதா மை பேனாவை ஆணையமே தருகிறது, அந்தப் பேனாவில்தான் எழுத வேண்டும். 2016-இல் ஹரியானாவில் மாநிலங்களவைத் தேர்தல் நடந்தபோது பேனா மாறிப்போனதால் எம்.எல்.ஏக்கள் பலரது ஓட்டு செல்லாமல் போய், முடிவே தலைகீழானது. வார்டில் எழுத்து முறை வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர் தடுமாறுவார். தெரிந்தவர் எழுதினாலோ, கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வழி பிறக்கும்.

கட்டம் போட்ட சீட்டு நல்லது. இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பெயரும் சின்னமும். ஒவ்வொரு சின்னத்துக்கும் நேராக மூன்று கட்டம், மேலே தலைப்பில் 1, 2, 3. வாக்காளர் வழக்கமான ரப்பர் முத்திரையை எடுத்து, முதல் விருப்பத்துக்கு முதல் பத்தியில் ஒரு குத்து, இரண்டாவதற்கு இரண்டாம் பத்தியில் ஒரு குத்து, மூன்றாவதற்கு மூன்றாம் பத்தியில் ஒரு குத்து. ஒன்று மட்டும் குத்திவிட்டு வந்தாலும் ஓட்டு செல்லும். ஈர மையோடு மடிக்கும்போது எதிர்ப்பக்கத்தில் கறை படியும் என்ற கவலை வேண்டியதில்லை. அந்த முத்திரையின் அம்புக்குறிகள் ஒரே திசையில் சுழலும்படி அமைந்தவை. மடிப்பில் படிந்த நிழல் எதிர்த்திசையில் சுழலும், எண்ணுகிறவர் அதைப் பார்த்ததும் தள்ளிவிடலாம். கட்டங்கள் சிறியதாகிவிடக் கூடாது என்பதே அச்சகத்துக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். முத்திரையின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது கட்டத்தின் அகலம் இருந்தால்தான் இரண்டு கட்டத்துக்கு நடுவே விழும் குத்துகள் குறையும்.

எந்தப் பிழைக்கு என்ன தீர்ப்பு என்பதை முன்கூட்டியே விதியில் எழுதி வைக்க வேண்டும். முதல் பத்தியில் இரண்டு குத்து இருந்தால் சீட்டு செல்லாது. முதல் பத்தியில் ஒன்று சரியாக இருந்து இரண்டாம் பத்தியில் இரண்டு குத்து விழுந்திருந்தால் முதல் விருப்பம் செல்லும், அதன் பிறகு சீட்டு தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும். ஒரே சின்னத்துக்கு மூன்று பத்தியிலும் குத்தியிருந்தால் அது ஓர் ஓட்டுதான். அவருக்கு மூன்று மடங்கு பலம் எதுவும் வந்துவிடாது. புதிதாகப் போடுகிறவர்கள் ஆர்வத்தில் அடிக்கடி செய்யும் தவறு இது, பிரச்சாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். முதல் பத்தியைக் காலியாக விட்டு இரண்டாவதில் குத்தியிருந்தால்? இங்கே இரண்டு வழி உண்டு: செல்லாது என்று தள்ளலாம், அல்லது இரண்டாவதை முதலாக ஏற்கலாம். எது என்றாலும் எழுதி வைத்தாக வேண்டும். அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் 2022-இல் ஒரு பள்ளிக் குழுத் தேர்தலில் இந்த ஒரே விஷயத்தில் கணினி அமைப்பு விதிக்கு மாறாக வைக்கப்பட்டிருந்தது. தோற்றவரை வென்றவராக அறிவித்து, பல வாரம் கழித்துத் தவறு வெளியே வந்தது.

மேசையில் நடப்பது

எண்ணும் மையத்தில் ஒரு வார்டின் சீட்டுகள் எல்லாம் முதலில் ஒன்றாகக் கலக்கப்பட வேண்டும். பூத் வாரியாக எண்ணினால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரிந்துவிடும். பிறகு முதல் விருப்பத்தின்படி பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, சின்னம் எழுதிய தட்டில் அடுக்க வேண்டும். சந்தேகச் சீட்டுகளுக்குத் தனித் தட்டு. அவற்றைத் தேர்தல் அலுவலர் முகவர்கள் முன்னிலையில் தீர்க்கும்வரை விலக்கல் தொடங்கக் கூடாது.

சுற்று சுற்றாக எண்ணினால் நாள்கணக்கில் ஆகும் என்பது பரவலான அச்சம். நம் வார்டுக் கணக்கையே பாருங்கள். முதல் பிரிப்பில் 12,000 சீட்டு கைக்கு வந்தது. அதன் பிறகு கை வைத்தது 600, 1,480, 3,530 மட்டும். மொத்தம் 5,610. அலமாரியின் கட்டும் குடத்தின் கட்டும் கடைசிவரை பிரிக்கப்படவே இல்லை. ஒரு முறை எண்ணுவதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேலை, அவ்வளவே. ஒருவர் முதல் சுற்றிலேயே பாதியைத் தாண்டிவிட்டால் அந்தக் கூடுதல் வேலையும் இல்லை. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் 59 பேர் நின்றார்கள். வென்றவர் 89,013 ஓட்டு வாங்கி, பதிவானதில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தார். அத்தனை பேர் நின்றும், விருப்ப வரிசை இருந்திருந்தால் அங்கே இரண்டாம் சுற்றே தேவைப்பட்டிருக்காது.

கடைசி இடத்தில் இருவர் சமமாக நின்றால் யாரை விலக்குவது? குடியரசுத் தலைவர் தேர்தல் விதி இதற்கு நல்ல வழி காட்டுகிறது. முதல் விருப்பம் யாருக்குக் குறைவோ அவரை விலக்கு. அதுவும் சமம் என்றால் குலுக்கல்.

அறிவிப்பில் அவசரம் கூடாது. நியூயார்க் நகரம் 2021-இல் மேயர் வேட்பாளர் தேர்வை முதன்முறையாக இப்படி நடத்தியபோது, சோதனைக்காக ஏற்றிய சுமார் 1,35,000 போலிச் சீட்டுகளை நீக்காமலே இடைக்கால முடிவை வெளியிட்டுவிட்டு, பிறகு திரும்பப் பெற்றார்கள். இறுதி முடிவு சரியாகத்தான் வந்தது, வித்தியாசம் 7,197 ஓட்டு. ஆனால் அந்த ஒரு நாள் குழப்பம் முறையின் பெயரையே கெடுத்தது. கையால் எண்ணும்போது இந்த ஆபத்து குறைவு. ஒவ்வொரு சுற்றின் கூட்டுத்தொகையையும் கரும்பலகையில் எழுதி, முகவர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்த விலக்கல்.

எத்தனை விருப்பம்

மூன்று போதும் என்கிறோம். காரணம், ஓட்டுக்குப் பணம். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் பணப்பட்டுவாடாவால் ரத்தானதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. பணம் கொடுத்தவருக்கு உள்ள ஒரே கவலை, வாங்கியவர் சொன்னபடி போட்டாரா என்பது. ரகசிய ஓட்டு அதைத் தெரியவிடாது. ஆனால் 12 வேட்பாளரையும் வரிசைப்படுத்தலாம் என்று விட்டால், அந்த வரிசைகளின் எண்ணிக்கை 47 கோடியைத் தாண்டும். "எங்க ஆளுக்கு ஒண்ணு, அப்புறம் நான் சொல்ற வரிசையில மத்தவங்களுக்கு" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி வரிசை கொடுத்தால், எண்ணும் மேசையில் நிற்கும் முகவர் அந்தச் சீட்டைத் தேடிப் பிடித்துவிடலாம். வரிசையே கைரேகை ஆகிவிடும். மூன்று விருப்பம் மட்டும் என்றால் 12 பேரில் வரக்கூடிய முழு வரிசைகள் 1,320 மட்டுமே. 12,000 சீட்டில் ஒரே வரிசை பலருக்கு வரும், ஆளைப் பிடிப்பது கடினம். கூடவே, முகவர் சீட்டின் முதல் விருப்பத்தை மட்டும் பார்க்கும்படி மற்ற பத்திகளை அட்டையால் மறைத்துப் பிரிக்கலாம். விலக்கப்பட்டவரின் கட்டில் மட்டும் அடுத்த பத்தி திறக்கப்படும்.

இதற்கு ஒரு விலை உண்டு. விருப்பம் குறைந்தால் சீட்டு சீக்கிரம் தீரும். ஆனால் அனுபவத்தில் பார்த்தால், சீட்டு தீர்வதற்குப் பெரிய காரணம் வரம்பு அல்ல, மக்கள் ஒன்றோடு நிறுத்திவிடுவது. இலங்கையில் 2024 செப்டம்பரில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. விலக்கப்பட்ட வேட்பாளர்களின் ஓட்டு சுமார் 33 லட்சம். அதில் முதல் இருவருக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 2.73 லட்சம் மட்டும், பன்னிரண்டில் ஒன்று கூட இல்லை. நாற்பது ஆண்டுகளாக உரிமை இருந்தும், ஒரு முறைகூட இரண்டாம் எண்ணிக்கை நடக்காததால் பெரும்பாலானோர் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. சட்டத்தைத் திருத்துவதோடு வேலை முடிவதில்லை. பூத் சிலிப் கொடுக்க வீட்டுக்கு வரும் ஊழியர் மாதிரிச் சீட்டைக் காட்டி ஒரு நிமிடம் விளக்க வேண்டும், இரண்டாம் குத்து முதல் குத்தைப் பலவீனப்படுத்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் முதல் விருப்பமானவர் களத்தில் இருக்கும்வரை இரண்டாவதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இன்னொரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் இரண்டாம் விருப்பமாக இருப்பவர், முதல் விருப்பம் குறைவு என்ற காரணத்தால் முன்கூட்டியே விலக்கப்படலாம். 2022 ஆகஸ்டில் அலாஸ்காவின் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மூவரில் மூன்றாவதாக வந்து விலக்கப்பட்டவர், மற்ற இருவரில் யாரோடு தனித்தனியாக மோதியிருந்தாலும் வென்றிருப்பார் என்பது சீட்டுகளை ஆராய்ந்தபோது தெரிந்தது. நம் கற்பனை வார்டிலும் குடத்துக்கும் தையல் மெஷினுக்கும் இடையே மூன்றாம் சுற்றில் 220 ஓட்டுதான் வித்தியாசம். அது மாறியிருந்தால் கடைசிப் போட்டியே வேறு. ஆனால் இன்றைய முறை அந்த மூன்றாம் ஆளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்தால் விருப்ப வரிசை தெளிவாக மேல்.

எதெல்லாம் இதனால் வராது

கட்சிகளின் ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப மன்றத்தில் இடம் கிடைப்பது இதனால் வராது. ஒரு வார்டுக்கு ஒருவர் என்றிருக்கும்வரை எண்ணும் முறையை மாற்றினாலும் ஒரு அணி அள்ளிக்கொண்டு போக வாய்ப்பு உண்டு. மூன்று வார்டைச் சேர்த்து மூவரைத் தேர்ந்தெடுத்தால் விகிதம் நெருங்கும். அங்கே வெற்றிக்கோடு, மொத்த ஓட்டை இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுத்து, அதற்கு மேல் ஒன்று. 36,000 ஓட்டுக்கு 9,001. கால்வாசிக்கு மேல் ஆதரவு இருந்தால் ஓர் இடம் உறுதி. ஸ்காட்லாந்தின் உள்ளாட்சிகள் 2007 முதல் இப்படி நடக்கின்றன. நம்மிடம் பெண்களுக்குப் பாதி, பட்டியல் சாதியினருக்குத் தனி ஒதுக்கீடு என்று வார்டு வாரியாக இருப்பதால், சேர்த்த வார்டில் ஒதுக்கீட்டை எப்படிக் காப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அது அடுத்த படி.

மேயர் விஷயம் வேறு. 1996, 2001, 2011 தேர்தல்களில் சென்னை மக்கள் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2019-இல் வந்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு 2022-இல் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தல் திரும்பி வந்தால், 200 வார்டுக்கும் ஒரே ஆள் என்பதால் விருப்ப வரிசை மிகவும் பொருந்தும் இடம் அதுதான்.

தேர்தலே நடக்காவிட்டால் எந்த முறையும் பயன்படாது. சென்னை மாநகராட்சிக்கு 1973 முதல் 1996 வரை மன்றம் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி 19 வரை மறுபடி தேர்தல் இல்லை, தனி அலுவலர்தான் நடத்தினார். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று 243யு பிரிவு தெளிவாகச் சொல்லியும் இந்த நிலை. வார்டு மறுவரையறையையும் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் பதவிக்காலம் முடிய ஓராண்டுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை, எண்ணும் முறைக் கோரிக்கையோடு சேர்ந்தே போக வேண்டும். கடைசி நேரத்தில் இந்தப் பட்டியல்கள் மேல் எழும் வழக்குகள்தான் தேர்தலைத் தள்ளிப்போட இடம் கொடுக்கின்றன.

உங்கள் சங்கத்தில் செய்து பாருங்கள்

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், மார்க்கெட் வியாபாரிகள் சங்கம் எதிலாவது தலைவர் பதவிக்கு மூன்று பேருக்கு மேல் நின்றால் விருப்ப வரிசையில் நடத்திப் பார்க்கலாம். பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் தேர்தல் முறை துணைவிதியில் இருக்கும். துணைவிதி இடம் கொடுக்காவிட்டால் முதலில் மாதிரித் தேர்தலாக நடத்துங்கள், அல்லது பொதுக்குழுவில் விதியைத் திருத்துங்கள். கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்குத் தனிச் சட்டம் உண்டு, அங்கே மாதிரித் தேர்தல் மட்டுமே சாத்தியம்.

நூறு உறுப்பினர் உள்ள சங்கத்துக்கு 110 சீட்டு, ஒரு முத்திரை, ஒரு மை அட்டை, பூட்டிய பெட்டி, வேட்பாளருக்கு ஒன்று வீதம் தட்டு, கூடுதலாகச் செல்லாதவற்றுக்கு ஒன்று, தீர்ந்தவற்றுக்கு ஒன்று. செல்லாததையும் தீர்ந்ததையும் ஒரே தட்டில் போட்டுவிடாதீர்கள். கூட்டுத்தொகை உதைப்பது பெரும்பாலும் அங்கேதான். செல்லாத சீட்டு முதல் சுற்றிலேயே கணக்கைவிட்டு வெளியே போகிறது, தீர்ந்த சீட்டு கடைசிவரை மொத்தத்தில் இருக்கிறது. சீட்டை நகர்த்துவதற்கு முன் அதன் பின்புறம் பென்சிலால் சுற்று எண்ணைக் குறித்துக்கொண்டால், தகராறு வந்தால் பின்னோக்கி எண்ண முடியும். சமநிலை விதியையும் காலிப் பத்தி விதியையும் ஓட்டு தொடங்குமுன் உரக்கப் படித்து, வேட்பாளர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.

எண்ணி முடித்ததும் சுற்று வாரியான தாளைச் சங்கப் பலகையில் ஒட்டி, அதன் நகலை ஒரு மனுவோடு இணைத்து உங்கள் எம்.எல்.ஏ அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். சென்னையில் ஒவ்வொரு வார்டுக்கும் பத்துப் பகுதி சபாக்கள், அதாவது அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் சபைகள் உண்டு. அடுத்த பகுதி சபாக் கூட்டத்தில் அதே மனுவைப் படித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மனுவில் நான்கு வரி போதும்: வார்டுத் தேர்தலில் மூன்று விருப்பம், முத்திரைக் கட்டச் சீட்டு, சுற்று வாரியான முடிவைப் பொதுவில் வெளியிடுதல், முதல் கட்டமாகக் காலியாகும் வார்டுகளின் இடைத்தேர்தலில் நடத்திப் பார்த்தல்.